நான்காம் பக்கத்தில் என் பெருவிரல்

1

"தங்கள் கழகத்தின் மார்ச் மாதச் செய்திமடலின் நான்காம் பக்கத்தில், தாங்கள் இலங்கையில் போராளியாக இருந்தபோது காயமடைந்தவர் எனக் குறிப்பிடப்பட்டுள்ளது. தங்கள் விண்ணப்பங்களில், எந்த ஆயுதக் குழுவிலும் தாம் இருந்ததில்லை எனத் தாங்கள் அறிவித்திருக்கிறீர்கள். இந்த வேறுபாட்டை இருபது வேலைநாட்களுக்குள் எழுத்தில் விளக்கவும்."

ஏப்ரல் 8, செவ்வாய்க்கிழமை தபாலில் வந்த கடிதத்தின் நடுப்பகுதி இது. தமிழாக்கம் என்னுடையது. அனுப்பியது துப்பாக்கி உரிமங்களைக் கவனிக்கும் அலுவலகம். ஈஸ்டர் விடுமுறை இரண்டு நாள், போர்வீரர் நினைவுக்கான அன்சாக் நாள் ஒன்று ஆகியவற்றைக் கழித்து எண்ணிப் பார்த்தேன். மே 9 கடைசி நாள்.

ஊரிலிருந்து வாசிப்பவர்கள் முதலில் என்ன கேட்பார்கள் என்று தெரியும். துவக்குக்குப் பயந்து ஓடியவனுக்கு எதற்குத் துவக்கு? என் மனைவி வதனி பதினொரு வருடமாக இதே கேள்வியைக் கேட்கிறாள். என்னிடம் இருப்பது இலக்குப் பார்த்துச் சுடும் விளையாட்டுக்கான ஒரு சிறு கைத்துப்பாக்கி. காகிதத்தைத் தவிர வேறெதையும் நான் சுட்டதில்லை. அதை வைத்திருப்பதற்கு இந்த நாட்டில் ஒரு கழகத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும், வருடத்தில் இத்தனை தடவை வந்தான் என்று கையொப்பம் வேண்டும், வீட்டில் சுவரோடு பூட்டிய இரும்புப் பெட்டி வேண்டும். உரிமம் புதுப்பிக்கும்போது மனைவியைத் தனியே உட்காரவைத்து விசாரிப்பார்கள். "இந்த மனுசன் கோவிச்சால் துவக்கைத் தூக்க மாட்டார். கொப்பியைத் தூக்கிக்கொண்டு போய் எழுதுவார்" என்று சென்ற முறை வதனி சொன்னாள். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டாராம்.

அவள் சொன்னது உண்மை. 1981 முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். வாரநாட்களில், ஆக்லாந்தின் தெற்கே எங்கள் வீடிருக்கும் தகனினியிலிருந்து மோட்டார்வேயில் மங்கரேக்குப் போய், விமானச் சரக்குக் கொட்டகையில் உருளைப் பட்டைகளையும் தூக்கிகளையும் பழுதுபார்க்கிறேன். சனிக்கிழமைகளில் கழகம். சுட்ட புள்ளி, காற்று, மழை எல்லாம் அன்று மாலையே குறிப்பேட்டில் ஏறிவிடும். துப்பாக்கியில் எனக்குப் பிடித்தது அதுதான்: ஒவ்வொரு தவறுக்கும் ஓர் எண் உண்டு.

2

என் வலக்கைப் பெருவிரல் மேல்மூட்டோடு முடிந்துவிடுகிறது. சட்டைப் பொத்தான், போத்தல் மூடி, கைத்தொலைபேசி எல்லாவற்றுக்கும் வேறு வழி பழகிக்கொண்டேன். துப்பாக்கி அப்படி வளைந்து கொடுக்கவில்லை. அதன் பாதுகாப்புப் பூட்டும், ரவைக்கூட்டைக் கழற்றும் பொத்தானும் முழுப் பெருவிரல் உள்ளவனுக்காக வைக்கப்பட்டவை. என் விரல் அவற்றுக்கு அரை அங்குலம் முன்பே நின்றுவிடும்.

என்னைக் கழகத்தில் சேர்த்தவர் கிரஹாம். மங்கரேயில் நாங்கள் முதலில் வாடகைக்கு இருந்த வீட்டின் அயலவர், தொலைபேசிக் கம்பி வேலை செய்து ஓய்வுபெற்றவர். "இடக்கையால் சுடு, மேட்" என்றார், நண்பனை இங்கே அழைக்கும் சொல்லால். ஒரு குளிர்காலம் முழுவதும் சுட்டுப் பார்த்தேன். அந்த மாதங்களின் புள்ளிகளை இங்கே எழுதப்போவதில்லை.

பிறகு கராஜில் உட்கார்ந்தேன். பூட்டுக்கு நீண்ட ஒரு நெம்புக் கை, பொத்தானுக்கு அகலமான ஒரு தட்டு. வேண்டியது அவ்வளவுதான். ஐஸ்கிறீம் பெட்டி மூடியில் மாதிரி வெட்டி, அலுமினியத்தில் அராவினேன். ஏழு முறை செய்ய வேண்டியிருந்தது. குறிப்பேட்டிலிருந்து இரண்டு வரிகள்:

"செப். 14. மூன்றாவது. அகலம் கூடிவிட்டது. உறைக்குள் போக மறுக்கிறது."

"நவ. 2. நான்காவது. போட்டி நடுவில் ரவைக்கூடு தானாகக் கழன்று தரையில் விழுந்தது. எல்லோரும் பார்த்தார்கள்."

ஏழாவது சரியாக உட்கார்ந்தது. கழகத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளர் அரை மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்திட்டார். பிறகு கை நடுங்குகிற இரண்டு கிழவர்கள் தங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். இந்த நாட்டுக்கு வந்த பிறகு என்னிடம் ஒருவர் கைவேலை கேட்டு வந்தது அதுவே முதல் தடவை.

இந்த வருடத் தொடக்கத்தில் கிரஹாம் அதைப் பற்றிச் செய்திமடலில் எழுதலாமா என்று கேட்டார். சரி என்றேன். மார்ச் இதழில் அரைப் பக்கம் வந்தது. என் கையின் படம், நெம்புக் கையின் படம். கடைசி வரி இது: "தன் மக்களின் விடுதலைப் போரில் பெருவிரலைக் கொடுத்த ஒருவர், கராஜில் ஓர் அரத்தை வைத்து அதைத் திரும்பப் பெற்றிருக்கிறார்."

வாசித்தேன். அன்றைய குறிப்பு: "கட்டுரை வந்தது. படம் தெளிவு." அதற்குமேல் நான் எதுவும் எழுதவில்லை.

3

என் பெருவிரலை எடுத்தது, ஹாம் என்கிற பன்றித்தொடை இறைச்சியைச் சீவும் இயந்திரம்.

1999, ஜூன். தெற்கு ஆக்லாந்தில் இருந்த ஓர் இறைச்சித் தொழிற்சாலை. இன்று அது இல்லை. அந்தக் கட்டடத்தில் டயர் அடுக்கியிருக்கிறார்கள். நாங்கள் முட்டைகூடத் தொடாத சைவக் குடும்பம். வந்து மூன்று வருடம், கிடைத்த வேலை அது. ஊருக்கு எழுதும்போது "சாப்பாட்டுச் சாமான் கம்பனி" என்று எழுதுவேன். பிசுக்கட், மா என்று அம்மா நினைத்துக்கொண்டார். வேலை முடிந்து வந்தால் வெளிக் குழாயில் ஒரு தரமும் குளியலறையில் ஒரு தரமும் குளித்த பிறகுதான் சமையலறைக்குள் போவேன்.

பிழை என்னுடையது. கையுறை சிக்கியது, இழுத்தேன். எட்டு வாரம் பேனா பிடிக்க முடியவில்லை. நாற்பத்து நான்கு வருட நாட்குறிப்பில் வெற்றாக இருப்பது அந்த எட்டு வாரங்கள் மட்டும்தான். விபத்து நட்ட ஈட்டு அலுவலகத்தின் படிவத்தை வதனி நிரப்பினாள். அப்போது அவள் வயிற்றில் எங்கள் மகள் அபிராமி.

அம்மாவுக்கு, "கதவில் நசுங்கிவிட்டது" என்று வதனியின் கையால் எழுதுவித்தேன். அந்த வருடம் எங்கள் ஊரில் ஆட்கள் கால்களை இழந்துகொண்டிருந்தார்கள். நான் பன்றி இறைச்சியிடம் அரைப் பெருவிரலை இழந்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

4

யாரும் கேட்கவில்லை. இதை ஊரில் இருப்பவர்கள் விளங்கிக்கொள்வது கடினம். புலம்பெயர்ந்த எங்கள் ஆட்களிடையே, ஒரு குறிப்பிட்ட வயதுக்காரனின் உடம்பில் காயத்தைக் கண்டால் எப்படி என்று கேட்கும் பழக்கம் இல்லை. கதிரையை இழுத்துப் போடுவார்கள். தேநீர் முதலில் வரும். பேசுகிறவர்கள் குரலைக் கொஞ்சம் தாழ்த்துவார்கள். வெள்ளைக்காரர்களும் கேட்பதில்லை, அவர்கள் நாகரிகம் அது. வெஸ்ட்கேட்டில் இருக்கும் கணினித்துறைத் தம்பி ஒருவர், திருச்சிக்காரர், ஒரு பிறந்தநாள் விழாவில் என் கையைப் பார்த்துவிட்டு, "சார், நாங்கல்லாம் என்ன சார் வாழ்க்கை வாழறோம், நீங்க பார்த்ததெல்லாம் வேற" என்று எழுந்து நின்றார். "உக்காருங்கோ தம்பி, வடை ஆறுது" என்றேன். அந்தப் பணிவுக்காக அவர் இன்னும் அதிகமாக என்னை மதித்தார்.

நவம்பரில், போரில் இறந்த போராளிகளுக்காக மண்டபத்தில் விளக்கேற்றுவார்கள். 2001இல் ஒருவர் தீக்குச்சியை என் கையில் தந்தார். "முதல் விளக்கு நீங்கள் ஏத்துங்கோ, அண்ணை." மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது. ஏற்றினேன். மூன்றாவது வரிசையில் வதனி தன் அண்ணனின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் உண்மையாகவே போனவன், திரும்பி வராதவன்.

காரில் ஏறியதும் சொன்னாள்: "என்ர அண்ணாவின்ர விளக்கை ஹாம் மெசினுக்கு ஏத்திப்போட்டு வாறியள்."

அடுத்த வருடமும் ஏற்றினேன். ஏழு வருடம் ஏற்றினேன்.

ஊரைவிட்டு வெளியேறியபோது ஒரு சோதனைச் சாவடியில் சிப்பாய் ஒருவன் என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது நினைவில் இருக்கிறது. உள்ளங்கை, முழங்கை, தோள். ஆயுதம் சுமந்த தழும்பைத் தேடினான். நான் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞன். நடுவிரலில் மைக்கறைதான் இருந்தது. போ என்றான். எனக்கு முன்னால் நின்றவனின் முழங்கையில் சைக்கிளால் விழுந்த காயம். அவனை ஓரமாக உட்காரவைத்தார்கள். அவன் பெயரை நான் கேட்டு எழுதிவைக்கவில்லை. அங்கே வெறுங்கை என்னைக் காப்பாற்றியது. இங்கே குறைந்த கை எனக்குக் கதிரை போட்டது. இரண்டு இடத்திலும் கையைப் பார்த்தவர்கள் என்னைப் பார்க்கவில்லை என்று எழுதலாம். ஆனால் இரண்டாவது இடத்தில் கையை நீட்டியவன் நான்.

5

கடிதத்தை வதனி இரண்டு முறை வாசித்தாள்.

"துவக்கைக் கொண்டுபோய்க் குடுத்துவிடுங்கோ. உரிமம் வேண்டாமெண்டால் விளக்கமும் வேண்டாம். பிள்ளைக்கும் ஒண்டும் தெரியவராது."

அவள் சொன்னதில் பிழை இல்லை. பிள்ளை என்றது அபிராமியை. இங்கே பிறந்தவள், இருபத்தைந்து வயது. தமிழ் கேட்டால் விளங்கும், வாசிக்கத் தெரியாது. பதினைந்து வயதில் பாடசாலைப் பேச்சுப் போட்டியில் என் பெருவிரலைப் பற்றிப் பேசிப் பரிசு வாங்கினாள். ஷெல் விழுந்த பதுங்குகுழி, இரத்தம், கடல் எல்லாம் அதில் இருந்தன. நான் இரண்டாவது வரிசையில் இருந்து கைதட்டினேன். இப்போது நகரத்தில், அகதிகளுக்குச் சட்டக் கடிதங்கள் எழுதிக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை.

இரண்டு வாரம் யோசித்தேன். கொடுத்துவிட்டால் துப்பாக்கி போகும், மகளிடம் இருக்கும் அப்பா தங்குவார். ஆனால் "எந்த ஆயுதக் குழுவிலும் இருந்ததில்லை" என்ற வாக்கியம் துப்பாக்கி விண்ணப்பத்தில் மட்டும் இல்லை. 1996இல் நான் கொடுத்த அகதி விண்ணப்பத்திலும் இருக்கிறது. இந்த நாட்டின் கோப்புகளில் என்னைப் பற்றி இருக்கும் மிக முக்கியமான உண்மை அதுதான். பேசாமல் விலகினால் அதுவும் பொய்யாகிவிடும். இன்னொன்றும் உண்டு. அந்த அலுமினியத் துண்டை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு. அபி மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள். கடிதத்தைக் கொடுத்தேன். பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலும் பேசினாள்.

"இதுக்கு ஏன் பயப்படுறீங்கள்? கட்டாயப்படுத்திச் சேர்த்தவை எண்டு எழுதலாம். அதுக்கு லா இருக்கு. கிழமைக்கு ரெண்டு கேஸ் நான் செய்யிறனான்."

"நான் இயக்கத்தில இருக்கேல்லை, அபி."

"ஓகே. சிவிலியன். ஷெல் காயம் எண்டு எழுதுவம்."

"ஷெல்லும் இல்லை."

சமையலறையில் பயற்றங்காய் வெட்டிக்கொண்டிருந்த வதனி திரும்பாமலே சொன்னாள். "ஹாம் வெட்டிற மெசின், பிள்ளை. இஞ்ச, இந்த ஊரில."

அபி முதலில் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்கள் ஹாம் தொட மாட்டீங்களே."

"சாப்பிடேல்லை. வெட்டினனான்."

"இந்த வேலைக்கு இன்டர்வியூவில ஏன் வந்தனீர் எண்டு கேட்டவை. நான் உங்கட விரலைச் சொன்னனான், அப்பா. எல்லா இன்டர்வியூவிலயும் அதைத்தான் சொன்னனான்."

"நீ என்னட்டக் கேட்டிருக்கலாம்."

"எப்பிடிக் கேக்கிறது? அம்மாதானே சின்னனிலயே சொல்லித் தந்தவ. அப்பாவின்ர கையைப் பற்றிக் கேட்டால் அப்பா கவலைப்படுவார், கேக்கக்கூடாது எண்டு."

வெட்டும் சத்தம் நின்றது. வதனி அப்படிச் சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது. அவள் மறைத்தது பன்றி இறைச்சியை. பிள்ளை அதற்குள் ஒரு போரைக் கட்டிக்கொண்டாள்.

அபி மடிக்கணினியைத் திறந்தாள். அதன் பிறகு அவள் குரல் அலுவலகக் குரலாகிவிட்டது.

"யெஸ் ஓர் நோ சொல்லுங்கோ. இந்தப் போர்க் கதையை யாருக்காவது, எப்பவாவது, உங்கட வாயால சொன்னீங்களா?"

"இல்லை. ஆக்கள் தாங்களா நினைச்சவை. நான் திருத்தேல்லை. அவ்வளவுதான்."

தட்டச்சு செய்தாள்.

6

கடிதம் எழுத அவளுக்கு இருபது நிமிடம் போதுமாயிருந்தது. நட்ட ஈட்டு அலுவலகத்திலிருந்து பழைய கோப்பின் பிரதியை எடுப்பித்தாள். "வலக்கைப் பெருவிரல், இறைச்சி சீவும் இயந்திரம்" என்று அதில் இருந்தது. கிரஹாமுக்கு ஒரு பக்க வாக்குமூலம் எழுதினாள்: போர்க்காயம் என்பது தன் சொந்த ஊகம், தனக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லை. கிரஹாம் வாசலில் நின்றபடியே கையெழுத்திட்டு, "தேநீர் குடிக்கிறாயா, அபி?" என்று கேட்டாராம்.

என் கடிதத்தின் நான்காம் பந்தி இப்படி இருந்தது: "தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட விண்ணப்பதாரரின் ஆங்கில அறிவு மட்டுப்பட்டது. தன்னைப் பற்றிப் பிறர் கூறியவற்றின் பொருளை அவர் முழுமையாக விளங்கிக்கொள்ளவில்லை."

"எனக்கு இங்கிலீஷ் விளங்கும், அபி" என்றேன். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நூலகத்திலிருந்து மூன்று தடித்த வரலாற்றுப் புத்தகங்கள் கொண்டுவருகிறவன் நான். சின்ன வயதில் என்னோடு அவற்றைத் தூக்கி வந்தவள் அவள்.

"தெரியும். ஆனா இது வேலை செய்யும். எல்லாருக்கும் இதைத்தான் போடுறனான்."

"பொய்யல்லோ."

"விளங்கிச்சுது, சந்தோசமாயும் இருந்திச்சுது, அதால பேசாமல் இருந்தவர் எண்டு எழுதட்டா?"

மே 6, செவ்வாய்க்கிழமை கையெழுத்திட்டேன்.

ஜூன் 5 அன்று அதிகாரி வீட்டுக்கு வந்தார். நல்ல பெண், அபியின் வயது இருக்கும். கோப்பைப் படித்துவிட்டு வந்திருந்தார். அதனால் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, கொஞ்சம் உரத்துப் பேசினார். "பெட்டி. சாவி. எங்கே?" நான் சாவியைக் காட்டினேன். என் வாயிலிருந்து யெஸ், நோ தவிர வேறு சொல் வரவில்லை. வந்தால் நான்காம் பந்தி பொய்யாகிவிடுமே. நெம்புக் கையைப் பார்த்து, "நீங்கள் செய்ததா? மிக நன்று" என்று தலையாட்டினார், பாலர் பாடசாலையில் படம் கீறிக் காட்டிய பிள்ளையைப் பார்த்துச் சொல்வதுபோல. வாய்க்குள் அரை மணி நேர விளக்கம் இருந்தது, ஏழு துண்டுகளுக்கும் தேதியோடு. விழுங்கினேன்.

அவர் போனதும் வதனி சொன்னாள்: "இருபத்தொன்பது வருசத்தில நீங்கள் இவ்வளவு அமைதியா இருந்து நான் காணேல்லை. மாதத்துக்கு ஒருக்கா வரச்சொல்லுவமோ?"

உரிமம் புதுப்பித்த கடிதம் ஜூன் 20 வந்தது. அபிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். கட்டைவிரலை உயர்த்தும் படம் ஒன்று பதிலாக வந்தது. அவள் யோசித்து அனுப்பினாளா, பழக்கத்தில் அனுப்பினாளா என்று கேட்கவில்லை. ஞாயிறுகளில் முன்போல வருவதில்லை. அம்மாவுடன் தொலைபேசியில் பேசுகிறாள். பேச்சுப் போட்டிச் சான்றிதழ் அவள் பழைய அறைச் சுவரில் இருந்தது. ஒரு முறை வந்தபோது எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கே வைத்தாள் என்று தெரியாது.

இவ்வளவையும் நான் அச்சமின்றி எழுதுவதற்குக் காரணம், அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதுதான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலிருந்து அவளை இரண்டு வருடத்தோடு நிறுத்தியதும் நான்தான். நீச்சல் வகுப்பு அதே நேரத்தில் இருந்தது.

7

ஜூலை 12, சனிக்கிழமை. கழகத்தில் சுட்டு முடித்து, வாகனத் தரிப்பிடத்தில் கிரஹாமுக்கு நன்றி சொன்னேன். உன் கட்டுரையால் வந்த வினை என்று பகிடியாகவும் சொன்னேன். அவர் துப்பாக்கிப் பெட்டியைக் காரில் வைத்துப் பூட்டினார்.

"நீதானே சொன்னாய், மேட்."

"எதை?"

"விரலை. டௌப்போ போட்டிக்குப் போனோமே, என் காரில். கடும் மழை. நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று உடனே நினைத்தேன். ஷெல் என்றாய். அதற்குப் பிறகு, வழியில் டோகோரோவா ஊர் வரும் வரைக்கும் நீ வாய் திறக்கவில்லை."

"நான் சொல்லவில்லை, கிரஹாம்."

"சரி" என்றார். "சொல்லவில்லை."

"அப்படியானால் ஏன் ஊகம் என்று கையெழுத்திட்டாய்?"

"உன் மகள் கேட்டாள். நல்ல பிள்ளை அவள்."

அவருக்கு எழுபத்தெட்டு வயது. கழகத்தின் புதிய உறுப்பினர்கள் பெயரை மாற்றி மாற்றிச் சொல்கிறார். சென்ற மாதம் தன் காரையே தரிப்பிடத்தில் தேடினார். இவற்றை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

டௌப்போவில் போட்டி நடந்தது 2016இல். அந்த வருடக் குறிப்பேட்டை எடுத்தேன். புறப்பட்ட நேரம் 5.40. மழை. வழியில் தேநீர், ஒரு சீஸ் ஸ்கோன். மதியத்துக்குப் பின் வெயில், இடமிருந்து காற்று. புள்ளி 512. ஏழாவது இடம். காரில் என்ன பேசினோம் என்று ஒரு சொல்லும் இல்லை. முன்னால் ஒரு வாரம், பின்னால் ஒரு வாரம் வாசித்தேன். இல்லை. எதையும் விடாமல் எழுதுகிறவன் என்று என்னை நம்புகிறவர்களுக்கு, அந்தப் பக்கத்தில் எதுவும் இல்லாததால் நான் சொல்லவில்லை என்றாகும். மார்ச் மாதச் செய்திமடலை வாசித்த அன்று நான் எழுதிய இரண்டு சொற்றொடர்களைப் பார்த்தவர்கள் அப்படி நம்ப மாட்டார்கள்.

நான் சொல்லியிருந்தால், என் மகள் எழுதி அரசாங்கக் கோப்பில் இருக்கும் கடிதத்தில், யாருக்கும் நான் அப்படிச் சொல்லவில்லை என்ற இரண்டாவது பொய்யும் உண்டு. அது அவளுக்குத் தெரியாது. அவள் என்னிடம் ஆம் அல்லது இல்லை என்று மட்டும்தான் கேட்டாள். அவள் பெயரும் வேலை செய்யும் அலுவலகத்தின் முகவரியும் அந்தக் கடிதத்தின் அடியில் இருக்கின்றன.

டௌப்போவில் என் புள்ளி ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்று, நான் கேட்காமலே, இந்த ஜூலைச் சனிக்கிழமை தரிப்பிடத்தில் காரில் ஏறும்போது கிரஹாம் சொல்லியிருந்தார். நான் அவரிடம் ஷெல் என்று சொன்னேனா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படவில்லை. அபியிடம் இன்னும் சொல்லவில்லை.